ரிக்கெற் அறைச் சுவர்

எங்கள் ஊர்ப் புகையிரத நிலையத்தில் புதிதாக நட்ட வரலாற்றுப் பலகையின் முன்னால் நின்று, அம்மா கைப்பையிலிருந்து என் பிறப்புச் சான்றிதழை எடுத்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்கு அவர் லேசில் வீடு திரும்பமாட்டார்.

பலகையில் எல்லாம் இருந்தது. எந்தத் துரை கட்டினார், முதல் ரயிலுக்கு யார் கொடி காட்டினார், வெங்காய மூடைகள் எப்படிக் கொழும்புக்குப் போயின என்றுகூட. கடைசியில் ஒரு வரி: '1990 முதல் 2014 வரை இந்நிலையம் ஆளில்லாமல் பாழடைந்து கிடந்தது.'

ஆளில்லாமலாம்! சண்டையில் வீடு விட்டு வந்த ஒன்பது குடும்பங்கள் ஐந்து வருடம் அங்கேதான் சீவித்தன. தண்டவாளத்தையும் சிலிப்பர்க்கட்டையையும் பங்கர் கட்டக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கட்டடத்தைத் தூக்க முடியாததால் அது எங்களுக்கு மிஞ்சியது. ரிக்கெற் கொடுக்கும் அறைதான் எங்கள் வீடு. ஷெல் விழுந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் நான் அங்கே பிறந்தேன்.

ஸ்ரேசன் மாஸ்ரர் பிறேம் வெளியே வந்தார். என்னைவிட இளையவர், மரியாதையான பிள்ளை.

"தம்பி, ஆளில்லாட்டி இவளை ஆர் பெத்தது?" பிறந்த இடம் என்பதற்கு நேரே அம்மா விரலை வைத்தார். 'புகையிரத நிலையம்' என்று பதிவாளர் முத்து முத்தாக எழுதியிருந்தார்.

"விளங்குது அம்மா. பலகை மேலிடத்திலையிருந்து வந்தது. நாளைக்கு அதின்ரை திறப்புவிழா வேறை. படம் ஏதும் வைச்சிருக்கிறியளோ?"

"படமோ? சோத்துக்கே வழியில்லாமக் கிடந்தனாங்கள், கமெராவோ வைச்சிருந்தனாங்கள்?"

வெங்காய மூடைக்கு இடமிருக்கிறது, எங்களுக்கு ஒரு வரி இல்லை.

அம்மா விறுவிறென்று ரிக்கெற் அறைக்குள் நுழைந்தார். "அம்மா, உதுக்குள்ளை போகேலாது" என்று பிறேம் பின்னால் ஓடினார். அந்த நாளில் நாங்கள் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டிய மூலையில் அம்மா குந்தி, வீட்டுப் பூட்டின் திறப்பை எடுத்து அதன் முனையால் சுவரைச் சுரண்டத் தொடங்கினார். விழாவுக்கென்று அடித்த மஞ்சள் பெயின்ற் உதிர்ந்தது. அதற்குக் கீழே ஒரு வெள்ளை. அதற்கும் கீழே எங்கள் அடுப்பின் புகைக்கரி.

"இந்தா தம்பி, படம்."

வெளியே யாழ்ப்பாண ரயில் வந்து நின்றது. ரிக்கெற் யன்னலில் ஆட்கள் குனிந்து பார்த்தார்கள். அம்மா திரும்பவில்லை. கறுப்பு ஒரு சாண் அகலமாகியிருந்தது. நானும் என் திறப்பை எடுத்துக்கொண்டு பக்கத்தில் குந்தினேன்.