எட்டு வீட்டுக் கம்பி

அந்தக் கம்பியில் எட்டு வீடுகள். நெப்ராஸ்காவில் மழை பொய்த்த மூன்றாவது வருஷம் அது. டெலிபோன் கம்பெனி கைவிட்ட கம்பியை அவர்களே வேலிக் கம்பங்களில் இழுத்துக் கட்டிக் காப்பாற்றி வந்தார்கள். யாருக்கு அழைப்பு வந்தாலும் எட்டு வீட்டிலும் மணி அடிக்கும். இரண்டு நீளம், ஒரு குட்டை என்றால் ஆல்மாவுக்கு. மற்ற ஏழு வீடுகளும் தங்கள் வேலையைப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஒருவரும் பார்த்ததில்லை.

ஆனால் வெளியூர் அழைப்பில் ஒவ்வொருவர் ரிசீவரை எடுக்கும்போதும் குரல் ஒரு பிடி தேய்ந்துபோகும். எக்ஸ்சேஞ்சை ஒட்டியிருந்த ஹில்டாவுக்கு எப்போதும் தெளிவாகக் கேட்கும். கடைக்கோடியில் இருந்த ஆல்மாவுக்குக் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கும். ஹில்டா மட்டும் ஒட்டுக்கேட்பதே இல்லை. மாதர் சங்கத்தில் அவளே இரண்டு முறை எழுந்து நின்று அதைச் சொல்லியிருக்கிறாள்.

ஆல்மாவின் கணவன் ஓரின் ஓமஹாவில் இறைச்சித் தொழிற்சாலை வாசலில் வேலைக்காக நின்று ஐந்து வாரம் ஆகியிருந்தது. ஞாயிறு மதியம் கூப்பிடுவதாக எழுதியிருந்தான். வேலை கிடைத்தால் மாட்டை விற்று, வீட்டைப் பூட்டி, பிள்ளைகளோடு அவள் சனிக்கிழமை ரயிலேற வேண்டும். கிடைக்காவிட்டால் அதே சனிக்கிழமை அவன் ஊர் திரும்புவான். மாட்டை வாங்கி ஓட்டிப்போகப் பக்கத்துப் பண்ணை ஜாஸ்பர் திங்கள் காலையே வருவதாகப் பேச்சு.

மணி அடித்தது. "ஆல்மா" என்ற முதல் வார்த்தை பக்கத்தில் நின்று கூப்பிட்டதுபோல் கேட்டது. பிறகு கிளிக், கிளிக் என்று ஒவ்வொரு வீடாக வந்து சேர்ந்தது. ஜாஸ்பரின் நாய் குரைத்தது. குச்சேரா வீட்டுக் கைக்குழந்தை அழுதது. நடுவே "சனிக்கிழமை" என்று காதில் விழுந்தது, "ரயில்" விழுந்தது, "மாடு" விழுந்தது. சத்தமாகச் சொல்லும்படி அவள் கத்திக்கொண்டிருக்கும்போதே அவன் காசு கட்டிய மூன்று நிமிஷம் முடிந்துவிட்டது.

அவன் பேசியது ஏதோ மருந்துக் கடையிலிருந்து. திருப்பிக் கூப்பிட வழியில்லை. ஆல்மாவுக்குக் கோபம் வந்தது. அது நிலைக்கவில்லை. அவள் கிணறு வற்றியபோது வண்டியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியவர்கள் இவர்கள்தான். ஓமஹாவிலிருந்து ஒரு குரல் வருகிறதென்றால் அவர்களும்தான் என்ன செய்வார்கள்? அவள் டெலிபோனின் கைப்பிடியை விடாமல் சுற்றினாள். அப்படி ஒரே நீள மணி அடித்தால் தீ என்று அர்த்தம். ஏழு வீடும் எடுத்தது.

"தீயெல்லாம் இல்ல. ஓரின் என்ன சொன்னார்னு எனக்குக் கேக்கல. உங்கள்ல யாருக்காவது கேட்டிருக்கும். சொல்லுங்க."

தனக்கு மாடு என்ற வார்த்தை மட்டும்தான் கேட்டதாக ஜாஸ்பர் ஒப்புக்கொண்டார். குச்சேரா வீட்டுக்காரி குழந்தையைச் சாக்குச் சொன்னாள். பிறகு யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். ஹில்டா.

"தூசி தொடைக்கறப்போ கை தவறி எடுத்துட்டேன்," என்றாள்.

எங்கோ ஒரு வீட்டில் சிரிப்பை அடக்கும் சத்தம்.

"வேலை கெடைக்கலையாம், ஆல்மா. இனிமே ஆள் வேணாம்னு கேட்டைச் சாத்திட்டாங்களாம். சனிக்கிழமை ரயில்ல வர்றாராம். மாட்டை விக்க வேணாம்னார்."

ஆல்மா மாவுப் பீப்பாய் மேல் உட்கார்ந்தாள். குளிர்காலம் முழுதும் கண்முன் வந்து நின்றது. அப்படியும் உள்ளுக்குள் ஏதோ இளகியது. வீட்டைப் பூட்ட வேண்டியதில்லை.

"அப்ப நாளைக்கு நான் கயிறு கொண்டாரல," என்றார் ஜாஸ்பர். "ஒரு கட்டு வைக்கோல் கொண்டாறேன்."

"வேற ஏதாவது சொன்னாராக்கா?"

ஹில்டா தயங்கினாள். "சொன்னார். அது உனக்கு மட்டும் சொன்னது."

"அப்ப எனக்குச் சொல்லுங்க."

ஒருவரும் ரிசீவரை வைக்கவில்லை. சங்கத்தின் அறிக்கை வாசிக்கும் குரலில், நிறுத்தி நிறுத்தி ஹில்டா சொன்னாள்: "நீ பக்கத்துல இல்லாம தூக்கமே வரல, ஆல்மா. அப்படின்னார்."

ஒவ்வொரு வார்த்தையும் ஆல்மாவுக்குத் தெளிவாகக் கேட்டது. காது மடல் சுட்டது.

"ஒரே இரைச்சல்க்கா," என்றாள். "இன்னொரு தடவ சொல்லுங்க."