முனியராஜின் ஈறும் என் கல்யாணமும்

நிச்சயம் ஆனதிலிருந்து முனியராஜ் தினமும் சாயங்காலம் போன் செய்வார். பேச ஆரம்பித்தால் வாய் ஓயாது. என் செல்போன் சூடாகிக் காதைச் சுடும், அப்போதும் வைக்க மாட்டார். நேரில் பார்த்தாலோ ஊமை. கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவார்.

போனில் என் குரல்தான் கேட்கும், நேரில் முகமும் தெரியும். அப்படியானால் என் முகம்தான் பிடிக்கவில்லை, வேறென்ன? எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். கல்யாணமே வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட ஒரு நாள் காலையில் முடிவெடுத்தேன். முடிவெடுத்ததும் அழுகை அழுகையாக வந்தது. அந்த ஆளை அவ்வளவு பிடித்திருந்தது.

நாங்கள் இருவரும் நாரணாபுரத்தில் ஒரே பட்டாசு கம்பெனி. நான் பெட்டிக்கு லேபிள் ஒட்டுவேன், அவர் லோடு ஏற்றுவார். அன்று சாப்பாட்டு ஷெட்டில் பல் முகாம். டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பை ஒரு டிவியோடு இணைத்து வைத்து, முதலில் யார் வருகிறீர்கள் என்று கேட்டார். கர்ச்சீப்போடு நழுவப் பார்த்த முனியராஜை நாலு பேர் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஈறோரம் லேசாகச் சுரண்டியதுமே ரத்தம் வந்தது.

"சூடு டாக்டரம்மா," என்றார் முனியராஜ். "வெடிக் கம்பெனியில வேலை பாக்கோம்லா, சூடு ஈறுல இறங்கிருச்சு. தேச்சா ரத்தம் வருதுன்னு பல்லு தேய்க்கிறதையே விட்டுட்டேன்."

சுரண்டி எடுத்ததைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் வைத்தார் டாக்டரம்மா. டிவியில் படம் தெரிந்ததும் ஷெட்டே வாயைப் பிளந்தது. குச்சி குச்சியாக, சுருள் சுருளாக, அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் கூட்டம்போல் என்னென்னவோ முண்டியடித்து ஓடின.

"சூடும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றார் டாக்டரம்மா. "இந்தக் கிருமிக பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல பசையா படிஞ்சு குடியிருக்கு. அதுகளோட மல்லுக்கட்டித்தான் ஈறு வீங்கி ரத்தம் வருது. நீங்க தேய்க்கிறத விட்டதும் அதுகளுக்குக் கொண்டாட்டம். இப்படியே விட்டா பல்லைத் தாங்குற எலும்பையும் கரைச்சிரும்."

"சுத்தம் பண்ணுனா நாத்தம் போயிருமா?" முனியராஜின் குரல் உள்ளே போய்விட்டது. "அடுத்த மாசம் கல்யாணம். பக்கத்துல நின்னு பேசுனா தங்கத்துக்கு என்னைப் பிடிக்காமப் போயிருமோன்னு, போன்ல மட்டும்தான் பேசுதேன்."

ஷெட் முழுக்கச் சிரிப்பு. எனக்குச் சந்தோஷத்தில் தலை சுற்றியது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய், "நாந்தான் தங்கம். எனக்கும் பாருங்க," என்று வாயைத் திறந்தேன். அவர் மட்டும் தனியாகச் சிரிப்புக்கு ஆளாகக்கூடாது என்றுதான் போனேன். இரண்டு வேளையும் தேய்க்கிறவள் என்ற திமிரும் கொஞ்சம் இருந்தது. டிவியில் என் கூட்டமும் நெளிந்தது.

"எல்லார் வாயிலயும் உண்டு, சேர விடாம தேய்க்கணும்," என்றார் டாக்டரம்மா. "கல்யாணத்துக்கப்புறம் இவரு கிருமி உங்களுக்கு வரும், உங்க கிருமி இவருக்குப் போகும்."

"அது எப்படிப் போகும் டாக்டரம்மா?" என்று ஒன்றும் தெரியாதவள்போல் கேட்டாள் என்னோடு லேபிள் ஒட்டும் முத்துமாரியம்மாள்.

அவ்வளவுதான். டாக்டரம்மாவே மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முனியராஜும் வாய்விட்டுச் சிரித்தார், சிவந்த ஈறு முழுதும் தெரிய. சிரித்துக்கொண்டே என் பக்கத்தில் வந்து நின்றார்.

"இம்புட்டுப் பக்கத்துல உன்னைப் பாத்ததே இல்ல தங்கம். அளகா இருக்க."

நாறத்தான் செய்தது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.