யாரும் வாங்காத தோடு

“கழட்டுடி அதை. மாட்டுக் கழுத்துல போடற வளையம் மாதிரி இருக்கு.”

“எனக்குப் பிடிச்சிருக்குக்கா.”

“உனக்குப் பிடிச்சா போதுமா? பாக்கறவங்க கண்ணு என்ன பாவம் பண்ணுச்சு? கழட்டி என் பையில போடு. ஆடறப்ப எவன் பொத்தான்லயாவது மாட்டி காது கிழிஞ்சா, திங்கக்கிழமை உன் மெஷின்ல யாரு உக்காருவா?”

“பாரு ஐசாதா, டிஸ்கோவுக்கு வந்தும் அக்காவுக்கு மெஷின் ஞாபகம் போகல” என்று எல்னூரா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். சிரித்துக்கொண்டே இரண்டு காது வளையங்களையும் கழற்றி நசிபா அக்காவின் கையில் வைத்தாள்.

நசிபா அக்கா எங்கள் தையல் கூடத்தின் மேற்பார்வையாளர். நாளைக்கு மகளிர் தினம் என்று எங்கள் வரிசைப் பெண்கள் எல்லாரையும் தன் செலவில் கூட்டிவந்திருந்தாள். அவள் இப்படித் தாராளம் காட்டுவது எங்களுக்குப் புதிது. கிண்டல் செய்தோமே தவிர, யாரும் காரணம் கேட்கவில்லை.

‘மர்ஜான்’ என்ற அந்த டிஸ்கோ ஒன்பது மாடிக் குடியிருப்பு ஒன்றின் நிலவறை. முன்பு உருளைக்கிழங்குக் கிடங்காக இருந்தது. பனி உருகும் நாட்களில் சுவரிலிருந்து அந்த வாசம் இன்னும் வரும். பிஷ்கெக்கில் இதைவிட நல்ல இடங்கள் உண்டு, அங்கே எங்களை உள்ளே விடமாட்டார்கள். ஆனாலும் எனக்கு மர்ஜானைப் பிடிக்கும். விளக்கு ஊதா நிறத்துக்கு மாறும்போது, எத்தனை உதறினாலும் போகாமல் எங்கள் சட்டைகளில் ஒட்டிக்கிடக்கும் நூல் துணுக்குகள் ஒளிர ஆரம்பிக்கும். குளிர்கோட்டு தைக்கிற பெண்கள் அந்தச் சில நிமிடங்களுக்கு நட்சத்திரம் ஒட்டிய ஜீவன்கள் ஆகிவிடுவார்கள்.

கைப்பைகளைத் தரையில் குவித்து, அதைச் சுற்றி வட்டமாக ஆடினோம். எல்லாப் பெண்களும் இங்கே அப்படித்தான் ஆடுவார்கள். பைக்கும் காவல், ஆண்களுக்கும் வேலி. எல்னூரா கண்ணை மூடிக்கொண்டு ஆடினாள். மற்றவர்கள் பாட்டுக்குப் பின்னால் ஓடுவோம். அவள் ஆடினால் பாட்டு அவளுக்காகக் காத்திருப்பது போல் தோன்றும்.

அந்த வேலிக்குள் ரிஸ்பெக் காலை வைத்தான்.

“என்ன எல்னூரா, என்னோட ஒரு ஆட்டம்?”

“உள்ள பைக்கு மட்டும்தான் எடம். வெளிய நில்லுங்க.”

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவனும் சிரித்தான், ஆனால் நகரவில்லை.

ரிஸ்பெக் நசிபா அக்காவின் கொழுந்தன். நாங்கள் தைத்த கோட்டுகளைச் சந்தைக்கு ஏற்றிப்போகும் வேன் அவனுடையது. குளிர் தொடங்கியதிலிருந்து, கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். எல்னூரா மாட்டேன் என்று ஒருமுறை சிரித்துச் சொன்னாள், ஒருமுறை சிரிக்காமல் சொன்னாள். கடைசியில் இஸ்திரி மேசைப் பக்கம் நசிபா அக்காவிடமே சொன்னாள். நான் அங்கேதான் நின்றிருந்தேன். “அவர் மேல கோவம் ஒண்ணும் இல்லக்கா. கட்டிக்க எனக்கு இஷ்டம் இல்ல. இதுக்கு மேல எப்படிச் சொல்றதுன்னு தெரியல.” அக்கா தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நாங்கள் இரண்டு பேரும் நம்பினோம்.

பாட்டு சட்டென்று நின்றது. பாட்டுப் போடும் சமாத் மைக்கைத் தட்டினான்.

“அன்பான விருந்தாளிகளே! நாலாம் மேசையில ஒரு சந்தோஷ சேதி! எல்னூரா, கொஞ்சம் முன்னால வாங்க! எல்லாரும் கை தட்டுங்க!”

மகளிர் தினத்துக்குப் பூங்கொத்து தரப்போகிறார்கள் என்று நினைத்து அவள் வெட்கத்தோடு முன்னால் வந்தாள். வெள்ளை விளக்கு அவள் முகத்தில் விழுந்தது. பின்னாலிருந்து நசிபா அக்கா அவள் தோள்களைப் பிடித்துக்கொண்டாள். வெல்வெட் மேல்சட்டையும் வெள்ளைத் தலைத்துணியுமாக ஒரு அம்மாள் ஹூக்கா புகைக்குள்ளிருந்து வந்து, எல்னூராவின் காதைப் பிடித்தாள். ரிஸ்பெக்கின் தாய். மலைப்பக்கத்து ஊரான நாரினிலிருந்து கணவாய் தாண்டி வந்திருக்கிறாள். எல்னூரா திமிறித் திரும்புவதற்குள் இரண்டு காதிலும் சிவப்புக் கல் வைத்த தங்கத் தோடு ஏறிவிட்டது.

காதைக் காலியாக்கத்தான் அந்தக் கண்ணாடி முன்னால் அத்தனை அக்கறை!

எங்கள் வழக்கத்தில் பையன் வீட்டார் தோடு போட்டுவிட்டால் பெண் அவர்களுக்கென்று ஆகிவிட்டாள் என்று அர்த்தம். திருப்பிக் கொடுத்தால் அந்தக் குடும்பத்தின் முகத்தில் துப்பிய மாதிரி. ஆனால் அது பெண்ணின் வீட்டில், அவள் தாயின் எதிரில், தேநீர் ஊற்றி, அவளைக் கேட்டுவிட்டுச் செய்கிற காரியம். பீர் சிந்திய தரையில், தோளைப் பிடித்து அமுக்கிக்கொண்டு செய்வதல்ல.

அந்த அம்மாள் மிட்டாய்களை வாரி இறைத்தாள். வாசல் காவலாளி ஒன்றைப் பொறுக்கி உரித்து வாயில் போட்டுக்கொண்டான். சுற்றிலும் போன்கள் உயர்ந்தன.

எல்னூரா தோடுகளைக் கழற்றினாள். ஒரு காது மடலில் ரத்தம் பொட்டாகத் தெரிந்தது.

“யாரைக் கேட்டுப் போட்டீங்க?”

“வெக்கப்படறா, பாவம்” என்றாள் அந்த அம்மாள் கூட்டத்தைப் பார்த்து. “எனக்குத் தோடு போட்ட அன்னிக்கு நானும் அழுதவதான்.”

“நான் அழலம்மா. இந்தாங்க, பிடிங்க.”

அம்மாள் கைகளைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டாள். “பனியில அத்தனை தூரம் வந்திருக்கேன். குடுத்த கையால வாங்க மாட்டேன்.”

“வாயை மூடிக்கிட்டு மாட்டுடி” என்று நசிபா அக்கா பல்லைக் கடித்தாள். “பையன் குடிக்கறதில்ல. சொந்த வேன் இருக்கு. வேற என்ன வேணும் உனக்கு?”

“வேன் அவ்வளவு நல்லா இருந்தா நீங்களே கட்டிக்குங்க.”

எங்கேயோ ஒருத்தி களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டாள். எல்னூரா ரிஸ்பெக்கிடம் கையை நீட்டினாள். அவன் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் நுழைத்துக்கொண்டான்.

“எல்லாரும் பாக்கறாங்க, எல்னூரா.”

“பாக்கட்டும்னுதானே இங்க கூட்டிட்டு வந்தீங்க?”

என்னால் தாங்க முடியவில்லை. “அவ மாட்டேன்னு மூணு தடவை சொன்னா. கடைசியா உங்ககிட்டயே சொன்னா. நான் கேட்டேன்” என்றேன் அக்காவிடம்.

“உனக்குத் திங்கக்கிழமை வேலை வேணுமா, வேணாமா?”

பக்கத்து மேசையிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர், “நல்ல குடும்பமாத் தெரியுது, வீம்பு பண்ணாதேம்மா” என்றார். அந்தப் புகையில் குடும்பம் நல்லதா கெட்டதா என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ!

சமாத் கல்யாணப் பாட்டைப் போட்டுவிட்டான். எங்கள் வரிசைப் பெண்களே, அவளோடு ஒரே கெட்டிலில் தேநீர் குடிப்பவர்கள், கை தட்ட ஆரம்பித்தார்கள். சிலர் நசிபா அக்காவைப் பார்த்துக்கொண்டே தட்டினார்கள். சிலர் நிஜமாகவே சந்தோஷமாகத் தட்டினார்கள்.

உள்ளங்கையில் தோடுகளை ஏந்தியபடி எல்னூரா கூட்டத்துக்குள் நடந்தாள். நெருப்புத் துண்டைக் கண்ட மாதிரி ஒவ்வொருவரும் விலகினார்கள். அத்தனை பேர் நிறைந்த அறையில் அதை வாங்கிக்கொள்ள ஒரு கை இல்லை. பீர்ப் பெட்டிகள் மேல் பலகை போட்டு சமாத் நின்றிருந்த இடத்துக்கு வந்து அவள் ஏறினாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

“சமாத் அண்ணே, பாட்டை நிறுத்துங்க.”

அவன் ஒரு காதிலிருந்து ஹெட்போனை விலக்கினான். அவளைப் பார்த்தான். பிறகு அவள் தலைக்கு மேலாக நசிபா அக்காவைப் பார்த்தான். மைக் அவன் கையில்தான் இருந்தது.

“அங்க பாக்காதீங்க, என்னைப் பாருங்க” என்றாள் எல்னூரா. “என் பேரைக் கூப்பிட்டது நீங்க. நான் சம்மதிச்சுதான் வந்தேன்னு இவங்க எல்லாரும் நம்பிட்டாங்க. நாளைக்கு விடியறதுக்குள்ள எங்கம்மா போன்லயும் அதைத்தான் பாப்பாங்க. நான் மாட்டேன்னு சொன்னது மட்டும் ஒருத்தருக்கும் கேக்கல. அந்த மைக்கைக் குடுங்கண்ணே. ஒரே ஒரு வார்த்தை. குடுங்க.”