மணல் வழியாகப் போனால் சீக்கிரம்

மார்ச் 12

இந்தக் கதை ஒரு சின்னத் தவறிலிருந்து பிறந்தது. ஊருக்குப் புதிதாக வருபவர்களுக்கு யோசனை சொல்லி ஒரு பக்கம் எழுதுமாறு மாலை நேர எழுத்து வகுப்பில் சொன்னார்கள். எழுதினேன். ‘படகுத்துறைக்கு மணல் வழியாகப் போனால் சீக்கிரம்.’ கடல் தண்ணீர் இறங்கியிருக்கும்போது மட்டும் என்று சேர்க்கவில்லை. இங்கே பிறந்தவர்கள் அதைச் சொல்வதே கிடையாது. மழையில் நின்றால் நனைவீர்கள் என்று யாராவது எழுதுவார்களா?

என் அண்ணி இங்கே பிறந்தவர் அல்ல.

1

முதல் தொடக்கம்: ‘கடல் தன் நீலக் கரங்களை விரித்து…’

(அடித்துவிட்டேன். கடல் இன்று சாம்பல் நிறம். கரங்களையும் காணோம்.)

இரண்டாம் தொடக்கம்: அண்ணி நர்ஸ். கல்யாணமாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அக்கரை ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது. நாளை சேர வேண்டும். இந்த ஊர் ஒத்துவராவிட்டால் அண்ணனையும் கூட்டிக்கொண்டு தன் ஊருக்கே போய்விடுவதாகச் சொல்லியிருக்கிறார். அண்ணனும் தலையாட்டியிருக்கிறான். இன்று வழி பழகிக்கொள்ள, நான் எழுதிய பக்கத்தோடு தனியாகக் கிளம்பினார்.

அழகாக இல்லை. ஆனாலும் இதுவே இருக்கட்டும்.

2

பாதி வழியில் தண்ணீர் ஏறிவிட்டது. அண்ணி ஒரு பாறைமேல் ஏறி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, தன் வாழ்க்கையை எண்ணி…

(எதை எண்ணினார் என்று எனக்கு எப்படித் தெரியும்? கேட்கவும் தைரியமில்லை.)

படகுக்காரர் போய் ஏற்றிக்கொண்டார்.

“என்னம்மா, பாறையில குடிவந்துட்டீங்களா?”

“இதான் வழின்னு எழுதிக் கொடுத்தாங்கண்ணே.”

“யாரு?”

“என் நாத்தனார்.”

“அப்ப சரி. நாத்தனார் வேலையத்தான் பார்த்திருக்கு.”*

* இதைப் படகுக்காரர் கரை முழுக்கப் பரப்பிவிட்டார். சாயங்காலம் ரொட்டிக் கடைக்காரர், “எனக்கும் ஒரு வழி எழுதிக் கொடேன், மாமியார் வர்றாங்க” என்றார்.

3

முடிவு ஒன்று: அண்ணி சிரித்து மன்னித்துவிடுகிறார். (சிரித்தது உண்மை. ஆனால் கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டி இப்போது கட்டில்மேல் இருக்கிறது.)

முடிவு இரண்டு: அண்ணனும் அண்ணியும் பஸ் ஏறுகிறார்கள். நான் கையசைத்து…

முடியவில்லை. எழுந்து அண்ணியின் அறைக்குப் போனேன்.

“அண்ணி, அந்தப் பக்கத்தைத் திருத்திட்டேன்.”

“திருத்தினத நீயே வச்சுக்கோ. காலையில முன்னால நட. நனையறதா இருந்தா முதல்ல நீ நனை.”

“அப்போ வேலையில சேர்றீங்களா?”

“படகு வரைக்கும் வர்றேன். அப்புறம் பாக்கலாம்.”

கதையில் அண்ணியை ஒரே வரியில் படகேற்றிவிடலாம். ஏற்கெனவே ஒரு வரி எழுதித்தான் அவரைப் பாறையேற்றினேன். அதனால் முடிவை உங்களிடமே விட்டுவிடுகிறேன். நீங்கள் அவர் நாத்தனார் இல்லை.

நாளைய வேலை: விடிந்ததும் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு அண்ணியை எழுப்ப வேண்டும். முன்னால் நடக்க வேண்டும்.