அட்டை உங்களுக்கு, கழுதை எங்களுக்கு

பழைய காகிதக் கிடங்கில் என் வேலை கிழிப்பது. வருகிற புத்தகங்களின் அட்டையை உரித்து ஒரு பக்கம், உள்தாளை இன்னொரு பக்கம் போட வேண்டும். அட்டை வழவழப்புத் தாள், கூழில் சரியாகக் கரையாது. சொரசொரப்புத் தாளோடு நாலு அட்டை கலந்துபோனால் மில்காரன் லோடையே திருப்பிவிடுவான். அதனால் இடது கையால் புத்தகத்தின் முதுகைப் பிடித்து, வலது கட்டைவிரலைக் கம்பிப் பின்னுக்கு அடியில் கொடுத்து ஒரு திருகு. அட்டையும் பின்னும் சேர்ந்து வந்துவிடும். கோழிக்குத் தோல் உரிப்பது மாதிரிதான்.

புத்தகம் என்றால் சுத்தமான சரக்கு என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். கட்டைப் பிரித்தால் தெரியும். கண் திறக்காத எலிக்குஞ்சுகள் நெளியும். பூஞ்சை பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிய பக்கங்கள், யாரோ எச்சில் தொட்டுத் தொட்டுப் புரட்டிக் கறுத்த ஓரங்கள், நடுவில் ஏதோ ஒரு வீட்டுக் குழந்தையின் பின்புறத்தைத் துடைத்த தாள். சாப்பாட்டுக்கு முன் கை கழுவினால் தண்ணீர் டீ நிறத்தில் ஓடும்.

அந்த நாற்றத்தில் உட்கார்ந்துதான் நான் எழுத்துப் படித்தேன், மீசை நரைத்த பிறகு. படக்கதைதான் தோதாக இருந்தது. ஒவ்வொருவன் வாயிலிருந்தும் வருகிற பேச்சு ஒரு மூச்சளவுதான் இருக்கும். எழுத்து காலை வாரிவிட்டால் படம் கைகொடுக்கும். அப்படி நான் விடாமல் படித்த முதல் கதை ‘ஏழாம் சுரங்கம்’. நிலக்கரிச் சுரங்கம் இடிந்து, உள்ளே ஒரு தொழிலாளி மாட்டிக்கொள்கிறான். கூட, கரி இழுக்கிற ஒரு கிழட்டுக் கழுதை. பாகம் பாகமாக வந்த தொடர்.

அட்டையை உரித்துக் குவியலில் போட்டுவிட்டு உள்தாளைச் சட்டைக்குள் செருகி வீட்டுக்குக் கொண்டுபோவேன். முதலாளி கண்டுகொள்ள மாட்டார். என் மனைவி ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிறவள். சோடாவில் வெடித்த விரல்களில் எண்ணெய் தடவியபடி கேட்பாள். நான் எழுத்துக் கூட்டித் திணறினால், “சீக்கிரம் சொல்லுய்யா, நீ வாயத் திறக்கறதுக்குள்ள கழுதை செத்துடும்” என்பாள். மனுஷனைப் பற்றி அவளுக்குக் கவலையே கிடையாது. கழுதை கழுதை என்றுதான் உயிரை விடுவாள்.

முதல் பாகமும் கடைசிப் பாகமும் தவிர மற்றதெல்லாம் முன்னே பின்னே சிக்கிவிட்டன. கடைசிக்கு முந்தின பாகத்தில் சுரங்கத்துக்குள் தண்ணீர் ஏறுகிறது. மேலேயிருந்து ஒரு கயிறு இறங்குகிறது. ஒரே கயிறு. கழுதை அவனைப் பார்க்கிறது. அவ்வளவுதான், தொடரும் என்று போட்டுவிட்டார்கள். வருஷக்கணக்காக நாங்கள் இரண்டு பேரும் கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறோம்.

கிடங்குக்கு ஒருவர் வந்துகொண்டிருந்தார். பழைய படக்கதை அட்டைகளைச் சேர்க்கிறவர். காரை விட்டு இறங்கியதும் நேராக அட்டைக் குவியலுக்குப் போய் மண்டியிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து மூக்கில் வைத்து உறிஞ்சுவார். கண் சொருகிவிடும். அதனால் நாங்கள் வைத்த பெயர் மூக்குக்காரர்.

“ஆஹா! சின்ன வயசு வாசனைங்க இது” என்பார்.

எனக்குத் தெரியும், அது எலி மூத்திரம்.

தாளை அமுக்கிக் கட்டாக்குகிற பேல் மெஷினை ஓட்டுகிறவன் என் மனைவியின் தம்பி. “மாமா, இவரு சின்ன வயசுல எலிப் பொந்துலதான் குடியிருந்திருப்பாரு போல” என்று அவர் காதில் விழுகிற மாதிரியே சொல்வான். அவர் சிரித்துக்கொண்டு அடுத்த அட்டையை முகர்வார்.

போன மழைக்கு ஒரு புத்தகக் கட்டில் ‘ஏழாம் சுரங்கம்’ முதல் பாகம் வந்தது. அதை மட்டும் உரிக்கக் கை வரவில்லை, அட்டையோடு எடுத்துவைத்தேன். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்தோம். சுரங்கத்துக்குள் இறங்குவதற்கு முன்னால் கழுதை வெயிலில் நின்று வேலியைத் தின்கிறது. மனைவி அந்தப் பக்கத்தை என்னிடமிருந்து வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள்.

அதை மச்சான் உளறிவிட்டான். மூக்குக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “அட்டை இருக்கா? நெசமா? பின் துரு பிடிக்கலையே? ஐயோ, என்கிட்ட இல்லாதது அது ஒண்ணுதாங்க!”

“அப்ப கடைசிப் பாகம் உங்ககிட்ட இருக்கா?”

“முதல் முதலா வாங்கினதே அதுதான்.”

“நான் அதை ஒரு தடவை படிக்கணும். படிச்சுட்டு அங்கயே வெச்சுடறேன். இந்தப் புத்தகத்தை நீங்களே எடுத்துக்கங்க.”

“இவ்வளவுதானா? லீவு நாள்ல வீட்டுக்கு வாங்க.”

மனைவி சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். “முதல் பாகம் போனா போகட்டும், அதான் படிச்சாச்சே. கழுதை என்ன ஆச்சுன்னு மட்டும் ஒழுங்காப் பாத்துட்டு வா. பாதியில எந்திரிச்சு வந்துடாதே.”

அவர் வீட்டில் அதற்கென்றே ஒரு அறை. ஜன்னலே இல்லை. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. நாலு சுவரிலும் தரையிலிருந்து கூரை வரை அட்டைகள், ஒவ்வொன்றும் கண்ணாடிச் சட்டத்துக்குள். சவக்கிடங்கில் முகத்தை மட்டும் திறந்து வைத்த மாதிரி இருந்தது. அவர் பிளாஸ்டிக் கையுறை மாட்டிக்கொண்டு எனக்கும் ஒரு ஜோடி கொடுத்தார். பிறகு மூலையில் இருந்த ஒரு குப்பியை எடுத்துக் காற்றில் புஸ்ஸென்று அடித்தார். இனிப்பும் புழுக்கமுமாக ஒரு வாடை இறங்கியது.

“என்னங்க இது?”

“பழைய புத்தக வாசனை. கண்ணாடி போட்டுட்டா வாசனை வரமாட்டேங்குது, பாருங்க. அதான் ஆர்டர் பண்ணி வாங்கினேன்.”

எனக்கு வாயில் எச்சில் ஊறியது. துப்ப இடமில்லை. விழுங்கினேன்.

நடுச் சுவரில் ‘ஏழாம் சுரங்கம்’ வரிசையாகத் தொங்கியது. அட்டையில் அந்தத் தொழிலாளி இரண்டு கையிலும் துப்பாக்கி வைத்திருந்தான். காலடியில் ஒரு பெண் கிழிந்த உடையோடு மயங்கிக் கிடந்தாள். கிடங்கில் முதல் பாகத்தைத் தவிர வேறெந்த அட்டையையும் நான் பார்த்ததே இல்லை, கை தானாக உரித்துப் போட்டுவிடும்.

“கதையில துப்பாக்கியே கிடையாதுங்களே. பொம்பளையும் கிடையாது” என்றேன்.

“அப்படியா?” என்றார். “கலர் பாத்தீங்களா, அந்தச் சிவப்பு? இப்ப எவன் போடறான்!”

“கழுதை எங்க?”

“எந்தக் கழுதை?”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாடவில்லை. “கடைசிப் பாகம் எடுங்க, படிச்சுட்டுக் கிளம்பறேன்.”

அவர் சுவரின் கோடிக்குப் போய் ஒரு சட்டத்தைக் கழற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கண்ணாடி, அதற்குப் பின்னால் அட்டை, அதற்குப் பின்னால் பலகை. நான் திருப்பிப் பார்த்தேன். பலகை பலகையாகத்தான் இருந்தது.

“உள்தாள்?”

“அதுவா? அதெல்லாம் செல்லரிக்குங்க, பூச்சி வரும். அட்டைக்குப் பரவிடும். பிளேடு வெச்சு அட்டையை எடுத்துட்டு மிச்சத்தை எடைக்குப் போட்டுடுவேன்.”

“இதையுமா?”

“எல்லாத்தையும்தான்.”

எந்தக் கிடங்கில் போட்டார் என்று நான் கேட்கவில்லை. எங்கள் கிடங்குக்கே வந்திருந்தாலும், அட்டை இல்லாத தாளை நான் பிரித்துப் பார்ப்பதில்லை. அது எனக்கு வருவதற்கு முன்பே உரிந்தது. நேராகப் பேல் மெஷினுக்குப் போய்விடும்.

“படிச்சீங்களா, போடறதுக்கு முன்னாடி?”

“சின்ன வயசுல படிச்சிருப்பேன். ஞாபகம் இல்லைங்க. ஆனா அந்தக் காலம் இருக்கே, அந்த அட்டையைப் பாத்தாலே…” என்று நெஞ்சில் கை வைத்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

கையுறையைக் கழற்றி மேசையில் போட்டேன். பையிலிருந்து முதல் பாகத்தை எடுத்தேன். இடது கையால் முதுகு, வலது கட்டைவிரல் பின்னுக்கு அடியில், ஒரு திருகு. அட்டையை அவர் முன்னால் வீசினேன். “அட்டை உங்களுக்கு. கழுதை எங்களுக்கு.”

அலறுவார், சட்டையைப் பிடிப்பார் என்று நின்றேன். அதற்காகத்தான் கிழித்தேன். அவர் குனிந்து அட்டையை எடுத்து விளக்கடியில் பிடித்தார். நாலு முனையையும் பார்த்தார். பின் குத்தியிருந்த இடத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“அடேங்கப்பா! ஒரு இழை பிசிறு இல்லையே! நான் பிளேடு வெச்சாக்கூட இப்படி வராதுங்க.” அறைக் கதவுக்குப் பின்னால் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்ததைக் காட்டினார். “இன்னும் அவ்வளவு புத்தகம் கிடக்கு. லீவு நாள்ல வந்து பிரிச்சுக் கொடுத்துட்டுப் போறீங்களா? உங்க கை தங்கம்.”

என் தோளில் வேறு தட்டினார். நான் வெளியே வந்து, அவர் வாசல் செடிக்கடியில், உள்ளே விழுங்கியதையெல்லாம் சேர்த்துத் துப்பினேன்.

மனைவி வாசலிலேயே நின்றாள். என் கையில் உள்தாளைப் பார்த்து, “இதை ஏன் திருப்பிக் கொண்டாந்தே?” என்றாள். பிறகு, “கழுதை?”

“எடைக்குப் போட்டுட்டான்.”

“யாரு, சுரங்கக்காரனா?”

“மூக்குக்காரன்.”

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. தாளை என்னிடமிருந்து வாங்கி, மடங்கியிருந்த ஓரத்தை வெடித்த விரலால் நீவி, மற்ற பாகங்களுக்கு அடியில் வைத்தாள். “த்தூ” என்றாள். அப்புறம் மூக்கைச் சுளித்து, “என்னய்யா நாத்தம் இது உன் மேல? போய்க் குளிச்சுட்டு வா, சோறு ஆறுது.”

குளித்தேன். துணிக்குப் போடுகிற சோப்பையே எடுத்துத் தேய்த்தேன். எலி மூத்திரம் ஒரு தேய்ப்புக்குப் போய்விடும். அந்தக் குப்பி வாடை போகவில்லை.