மேலிருந்து வந்த சத்தம்

சபையில் சொல்லும் சாட்சியில் சங்கிலி அறுந்த இடம் வந்ததும் கீபோர்டுக்காரர் வாசிக்கத் தொடங்கிவிடுவார். யாரும் அவருக்குச் சைகை காட்ட வேண்டியதில்லை. "அப்பதான் மேல இருந்து ஒரு சத்தம்" என்று லிஃப்ட் மெக்கானிக் மைக்கில் சொல்லி ஒரு மூச்சு விடுவதற்குள் மெல்லிய இழுவையாக ஒரு இசை பின்னால் வந்து நின்றுவிடும். முன்வரிசையில் கைக்குட்டைகள் வெளியே வரும். அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படியேதான் நடந்தது. "மகனே!" என்று அந்தச் சத்தம் கூப்பிட்ட விதத்தைக் குரல் தழுதழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது, மெக்கானிக் வீட்டில் கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று யோசித்துக்கொண்டிருந்தான். அணைத்தது நினைவுக்கு வந்ததும் நிம்மதியாக இருந்தது. அதற்குள் வாய் தன்பாட்டுக்குக் லிஃப்ட் குழியை விட்டு வெளியே தாவி, லிஃப்ட் பெட்டி விழுந்து நொறுங்கி, தூசி அடங்கி, "இந்த உசுரு இனிமே எனக்குச் சொந்தமில்ல" என்ற இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. சபையார் அல்லேலூயா சொன்னார்கள். அவனும் சொன்னான்.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. முதல்முறை சாட்சி சொன்னபோது பாதியிலேயே அழுது, மைக்கைக் கீழே போட்டு, மனைவி வந்து கைத்தாங்கலாக அழைத்துப் போக வேண்டியிருந்தது. பிறகு பக்கத்துச் சபையில் கூப்பிட்டார்கள், அதற்கடுத்த சபையில் கூப்பிட்டார்கள். அவன் சாட்சியைக் கேட்டுக் குடியை விட்டவர் ஒருவர் இருக்கிறார்; விட்டுப்போன பெண்டாட்டியைத் தேடிப்போய் அழைத்துவந்தவர் ஒருவர் இருக்கிறார். சாட்சி பொய்யில்லை என்பதற்கு அதைவிட என்ன வேண்டும் என்று பாஸ்டர் கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் எந்த ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லத் தெரியாத ஒரு நாளில் அவனுக்குள் அது மரத்துப்போயிருந்தது. கால் மரத்துப்போனால் நாலு தட்டுத் தட்டலாம். இது எங்கே மரத்திருக்கிறது என்றே தெரியவில்லை. இப்போதும் தினம் லிஃப்டுகளுக்கு மேலேயும் கீழேயும்தான் வேலை, பயம் வரவில்லை. பயம் வந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

இதை யாரிடமும் சொல்ல முடியாது. அடுத்த ஞாயிறு பாஸ்டர் அவன் தலையில் எண்ணெய் வைத்து ஜெபித்து அவனை முழுநேர ஊழியத்துக்குப் பிரித்தெடுக்கப் போகிறார். வெளியூரிலிருந்து ஊழியக்காரர்கள் வருகிறார்கள். வேலையை விடுவதாகக் கம்பெனியிலும் சொல்லியாகிவிட்டது. "இத்தன நாள் ஜனங்கள பத்து மாடிக்கு ஏத்துன. இனிமே நேரா பரலோகத்துக்கே ஏத்தப் போறியாக்கும்?" என்று மேனேஜர் சிரித்தார். அவனும் சிரித்துவைத்தான். அழைப்பு வந்தவன் அழைப்பு வந்த மாதிரி இருக்க வேண்டாமா?

அந்த விபத்து நடந்தது ஒரு பழைய கட்டடத்தில். பழைய லிஃப்டைக் கழற்றிவிட்டுப் புதிது போடும் வேலை. பெட்டியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார்கள். பெட்டியின் கூரைமேல் நின்று கழற்றிக்கொண்டிருந்தவர் ஆயில் அண்ணன். ஆயில் என்பது பட்டப்பெயர்தான். கல்யாண போட்டோவில்கூட அவர் விரல் நகத்தில் கறை தெரியும் என்பார்கள். மெக்கானிக் கீழே, லிஃப்ட் ஏறியிறங்கும் ஷாஃப்டின் அடிக்குழியில், குப்பையை அள்ளிக்கொண்டிருந்தான். சங்கிலி விட்டது. மேலிருந்து சத்தம் வந்தது. ஆள் உயரக் குழி அது. வேறு யாராவது என்றால் அங்கேயே சமாதி. இவனுக்கு ஆண்டவன் கொடுத்த நீளக் கையும் காலும் இருந்ததால் ஒரே எம்பலில் வாசல்விளிம்பில் நெஞ்சைப் போட்டு வெளியே உருண்டுவிட்டான். பெட்டி அவன் செருப்பை மட்டும் எடுத்துக்கொண்டது. ஆயில் அண்ணன் பெட்டியோடு வந்து சேர்ந்தார்.

வாசலிலேயே மயங்கிப்போனவன் ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் முதலில் வந்தவர் பாஸ்டர். மனைவி அந்தச் சபையில் ரொம்ப நாளாக விசுவாசி. அவன்தான் பண்டிகைக்கு மட்டும் தலைகாட்டுகிறவனாக இருந்தான். ஆயில் அண்ணன் இறந்த செய்தியை இன்னும் அவனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. "மேல இருந்து என்னக் கூப்ட்டுச்சு" என்று மட்டும் சொன்னான். பாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னன்னு கூப்ட்டாரு?" என்று கேட்டார். கூப்பிட்ட பெயரை அப்படியே ஒரு பாஸ்டரிடம் சொல்ல அவனுக்குக் கூச்சமாக இருந்தது. அது வேலை செய்கிற இடத்துப் பெயர். "என் பேரச் சொல்லி" என்றான். பிற்பாடு சாட்சிக்கு எழுந்து நின்றபோது பாஸ்டரே ஒரு யோசனை சொன்னார். "பேரச் சொன்னா அது உங்க ஒருத்தருக்குத்தான். மகனேன்னு சொல்லுங்க. கேக்குற ஒவ்வொருத்தனும் தன்னத்தான் கூப்ட்டாருன்னு நெனப்பான்." நல்ல மனிதர், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அப்படித்தான் அது மகனே ஆயிற்று.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் கைகுலுக்கிக் கலைந்தபோது, மாடிப்படி அடியில் தண்ணீர்க் கேன் பக்கத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். பக்கத்தில் போனபோது பிளீச்சிங் பவுடர் வாசனை வந்தது. ஆயில் அண்ணனின் மனைவி. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டிருந்தான். அடக்கத்துக்குப் பிறகு அவளைப் போய்ப் பார்க்கவில்லை. போக வேண்டும் என்று நினைக்காத வாரம் இல்லை.

"நல்லா சொன்னீங்க தம்பி" என்றாள்.

"அண்ணி, நீங்க எங்க இங்க?"

"பக்கத்து வீட்டுக்காரங்க கூட்டிட்டு வந்தாங்க. லிஃப்டுல தப்பிச்சவரு சாட்சி சொல்றாருன்னாங்க. நீங்கதான்னு இங்க வந்தப்புறந்தான் தெரியும்." பேப்பர் கப்பில் தண்ணீர் பிடித்தாள். குடிக்கவில்லை. "கம்பெனில என்கிட்ட சொன்னாங்க, அவருக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது, கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள முடிஞ்சு போச்சுன்னு. சரி, தெரியாம போனாரேன்னு நானும் மனசத் தேத்திக்கிட்டேன்."

"ஆமா அண்ணி."

"மேல இருந்து சத்தம் வந்துச்சுன்னீங்களே. மேல அவருதான இருந்தாரு?"

மேலே சபையில் யாரோ நாற்காலிகளை இழுத்து அடுக்கும் சத்தம் கேட்டது.

"நான் சண்டைக்கு வரல தம்பி. சாமி கூப்ட்டாருன்னா சாமிதான். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சா போதும். என்ன சொல்லிக் கூப்ட்டுச்சு?"

அவன் வாயைத் திறந்தான். பழகிய மாடு தானாகத் தொழுவத்துக்குப் போவதுபோல வாய் அந்த இடத்துக்கே போனது. "மகனேன்னு, அண்ணி."

"மகனேன்னா?" அவள் கப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப அவரு இல்ல. பெத்த புள்ளயவே டேய்ன்னுதான் கூப்டுவாரு, மகனேவாம்." சிரிக்கப் பார்த்தாள். "அப்ப ஒண்ணும் தெரியாமத்தான் போயிருக்காரு. சரி." தண்ணீரைக் குடித்துவிட்டுக் கப்பைப் போட இடம் தேடினாள். குப்பைத்தொட்டி கண்ணில் படாததால் அதைக் கசக்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அந்தச் சத்தம் சொன்னது இதுதான்: "நெட்டப்பயலே, ஓடு!" கம்பெனியில் எல்லாரும் அவனை நெட்டை என்பார்கள். நெட்டைப்பயலே என்று கூப்பிடுகிறவர் உலகத்திலேயே ஒருவர்தான். ஷாஃப்டுக்குள் யார் கத்தினாலும் அது மனிதக் குரலாக இருக்காது, எட்டுத் திசையிலிருந்தும் வரும், அது உண்மை. அந்த உண்மையைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாளும் ஓட்டினான். ஆனால் கர்த்தர் யாரையும் நெட்டைப்பயலே என்று கூப்பிட்டதாக வேதத்தில் எங்கேயும் இல்லை.

சாப்பாட்டின்போது மனைவியிடம் சொன்னான். சொல்லும்போதும் ஒன்றும் தோன்றவில்லை; அடுத்த வீட்டுக்காரன் கதையைச் சொல்வதுபோல இருந்தது.

"இத ஏன் பாஸ்டர்கிட்ட சொல்லல?"

"நெட்டப்பயலேன்னு ஒரு பாஸ்டர்கிட்ட எப்டிச் சொல்றது?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததற்கு வெட்கப்பட்டதுபோலக் கரண்டியைக் கீழே வைத்தாள். "கர்த்தர் மனுஷன் வாயாலதான் கூப்டுவாரு. அவருக்குன்னு தனியாத் தொண்டையா இருக்கு?" என்றாள்.

"அப்ப அது யாரு வாய்ன்னு சொல்லணும்ல?"

அவள் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "வேலய விடுறதா வேற சொல்லியாச்சு" என்று கடைசியில் சொன்னாள். அதுவும் உண்மைதான். நெட்டைப்பயலே என்று சொன்னால் சபை சிரிக்கும். அழைப்பே இல்லாதவனுக்கா எண்ணெய் வைக்கப் போனோம் என்று பாஸ்டர் கேட்பார். சொல்லாவிட்டால் ஒருத்தி, தன் புருஷன் கடைசி நொடியில் என்ன செய்தான் என்று தெரியாமலேயே துணி துவைத்துக்கொண்டிருப்பாள். இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்தான். முள் அசையவே இல்லை. அந்த வாரம் முழுக்க அப்படியே வேலைக்குப் போய் வந்தான்.

ஞாயிறு வந்தது. நாற்காலி போதாமல் ஜன்னல் ஓரமாக ஆட்கள் நின்றார்கள். மேடையில் சின்ன மேஜைமேல் எண்ணெய்ப் புட்டி இருந்தது. பாஸ்டர் அவனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லி, "கடைசியா ஒரு தடவ அண்ணன் தன் சாட்சியச் சொல்லட்டும், அதுக்கப்புறம் அபிஷேகம்" என்று மைக்கைக் கொடுத்தார். அவன் சபையைப் பார்த்தான். கடைசி வரிசையில் மனைவி உட்கார்ந்திருந்தாள். எப்போதும் முன்வரிசையில் உட்காருகிறவள். அவளுக்குப் பக்கத்தில் ஆயில் அண்ணனின் மனைவி. தன் மனைவியேதான் போய்க் கூட்டிவந்திருக்கிறாள். அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போதும் அவனைப் பார்க்காமல் மடியிலிருந்த வேதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாட்சி தன் பழைய வழியிலேயே போனது. பழைய கட்டடம், குழி, சங்கிலி. "அப்பதான் மேல இருந்து ஒரு சத்தம்" என்றான். கீபோர்டு வந்து நின்றது.

"நெட்டப்பயலே, ஓடுன்னுச்சு."

முதலில் ஒரு குழந்தை சிரித்தது. பிறகு ஜன்னல் ஓரத்தில் யாரோ. பிறகு சபை முழுக்கச் சிரித்தது. கேலியாக இல்லை, ஆள் அத்தனை உயரமாக நிற்கிறானே. கீபோர்டுக்காரர் விரலை எடுத்துவிட்டார். பாஸ்டர் புன்னகை மாறாமல் அவனைப் பார்த்தார்.

"கூப்ட்டது ஆயில் அண்ணன்" என்றான் மெக்கானிக். குரல் தழுதழுக்கவில்லை. கடையில் சாமான் கேட்பதுபோல இருந்தது. "பெட்டிக்கு மேல நின்னவரு. அவரு கைக்கெட்டுற தூரத்துல செவுத்துல கம்பி இருந்துச்சு. புடிச்சிருந்தா தொங்கிருப்பாரு. ஓடுன்னாருன்னா, சங்கிலி விட்டத அவரு பாத்துட்டாருன்னுதான அர்த்தம். பாத்துட்டு, கம்பியப் புடிக்காம, கீழ இருந்த என்னக் கூப்ட்டாரு. எனக்குத் தெரிஞ்ச அழைப்பு அதான். வேற எதுவும் நான் கேக்கல."

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. கடைசி வரிசையில் ஆயில் அண்ணனின் மனைவி எழுந்து நின்றாள்.

அந்தச் சபையில் ஒருவர் சாட்சிக்கு நடுவே எழுந்து நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவர் தன்னை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கிறார். என்ன செய்வதென்று தெரியாமல் இருந்த கீபோர்டுக்காரர், தெரிந்த வேலை கிடைத்த சந்தோஷத்தில் ஒப்புக்கொடுக்கும் பாட்டை எடுத்துவிட்டார். "அல்லேலூயா! ஒரு ஆத்துமா எழுந்திருக்கு!" என்று பாஸ்டர் கை உயர்த்தினார். "முன்னால வாங்கம்மா. வெக்கப்படாதீங்க." ஜனங்கள் பாடத் தொடங்கினார்கள். நாற்காலிகள் விலகின. அவள் நடந்து வந்தாள். வருகிற வழியில் இருபுறமும் கைகள் அவள் தலைக்குமேல் ஆசீர்வாதமாக நீண்டன. அவள் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. மேடைக்குக் கீழே வந்து அவன் முன்னால் நின்றாள். அவள் ஏதோ சொன்னது பாட்டில் கேட்கவில்லை. அவன் முழங்காலை மடக்கி, அவள் உயரத்துக்குக் குனிந்தான்.

"அவரு கூப்ட்ட மாதிரியே ஒரு தடவ கூப்டுங்க தம்பி" என்றாள். "மெதுவா வேணாம். எவ்ளோ சத்தமாக் கூப்ட்டாரோ, அவ்ளோ சத்தமா."

அவன் மைக்கைக் கீழே வைத்தான். நெருங்கியிருந்த இரண்டு தலைகளுக்கும் மேலே பாஸ்டர் புட்டியைச் சாய்த்து உள்ளங்கை நிறைய எண்ணெய் ஏந்தியபடி நின்றார். எந்தத் தலையில் வைப்பது என்று அவருக்குப் பிடிபடவில்லை. எண்ணெய் விரலிடுக்கில் வழிந்து, மணிக்கட்டில் இறங்கி, அவருடைய வெள்ளைச் சட்டையின் கைக்குள் போய்க்கொண்டிருந்தது. மெக்கானிக் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான்.