கடைசிப் பதிவு: ஒரு சமையலறை பாக்கி

1

இது கதையாகத் தொடங்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான்கு வரி அறிவிப்பாகத்தான் தொடங்கியது. டிசம்பர் முப்பத்தொன்றோடு இந்த வலைப்பூவை மூடுகிறேன், பன்னிரண்டு வருடம் கூட வந்தவர்களுக்கு நன்றி, படங்கள் வேண்டுமென்றால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வணக்கம். இவ்வளவுதான் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்தது டிசம்பர் முதல் வாரம். இன்று தேதி இருபத்தாறு. நான்கு வரி இன்னும் முடிந்தபாடில்லை.

முதல் வரைவு இப்படிப் போனது:

அன்பு வாசகர்களே, கனத்த இதயத்துடன்

[நிறுத்திவிட்டேன். அப்போது இதயம் ஒன்றும் கனக்கவில்லை. முதுகுதான் வலித்தது.]

இரண்டாவது:

கண்பார்வை முன்போல் இல்லாத காரணத்தால் இனிமேல்

[பாதிப் பொய். கண்ணாடி மாற்றி ஆறு மாதமாகிறது. இப்போது எறும்பின் மீசைகூடத் தெரிகிறது.]

மூன்றாவதை முழுதாக முடித்து வீட்டுக்காரரிடம் நீட்டினேன். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எந்தத் தாளைக் கொடுத்தாலும் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடும். ஓரத்தில் ஒரு வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"விடையை மட்டும் எழுதியிருக்கே. ஸ்டெப் எங்கே?"

ஆகவே ஸ்டெப் ஸ்டெப்பாக வருகிறேன். பழைய வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

2

புதிதாக வந்து மாட்டிக்கொண்டவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். நான் பல்செட் செய்கிறவள். பல் டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சுகளை வைத்துக்கொண்டு, முன்பின் பார்த்திராத மனிதர்களுக்குப் பல் வரிசை செய்து அனுப்பும் ஒரு லேபில் இருபது வருடமாக வேலை. ஒவ்வொரு முறையும் கிண்ணத்தில் கொஞ்சம் பிளாஸ்டர் மிஞ்சும். தூக்கிப் போட மனசு வராமல் அதில் சுவர் வார்க்கத் தொடங்கினேன். சுவர் வந்தால் தரை வேண்டும், தரை வந்தால் கட்டில் வேண்டும். இப்படித்தான் ஒரு சாப்பாட்டுத் தட்டில் அடங்கும் அறைகள் உண்டாயின. நிஜத்தில் ஓரடி என்றால் என் அறையில் ஓரங்குலம். மாதம் ஓர் அறை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் லேப் ஜன்னலோரம் வைத்து எடுத்த ஐந்து படங்கள், கீழே நாலு வார்த்தை.*

* அந்தக் காலத்துச் சோபாக்கள் எல்லாம் ஏன் ஈறு நிறத்தில் இருந்தன என்று பலர் கேட்டிருக்கிறார்கள். செயற்கை ஈறு செய்து மிஞ்சிய பொருளில் வேறு என்ன நிறம் வரும்?

ஒவ்வோர் அறையிலும் வேண்டுமென்றே ஒரு பிழை இருக்கும். வாசகர்கள் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். இதைப் பெரிய கலைத் தத்துவம் என்று பேட்டி மாதிரி எழுதிய பதிவு ஒன்று இங்கே இருக்கிறது. அதை நம்பாதீர்கள். நடந்தது இதுதான். முதல் அறையில் கதவுக்குக் கீல் எந்தப் பக்கமோ கைப்பிடியும் அந்தப் பக்கமே வைத்துவிட்டேன், நிஜமாகவே கவனக்குறைவில். யாரோ ஒருவர் பின்னூட்டத்தில் கேட்டார். மானம் போகிறதே என்று, "அது வேண்டுமென்றே வைத்தது, கண்டுபிடித்த உங்களுக்குப் பாராட்டு" என்று பதில் போட்டேன். சொன்ன பொய்யைக் காப்பாற்ற அடுத்த மாதமும் ஒரு பிழை வைக்க வேண்டியதாயிற்று. பன்னிரண்டு வருடமாகக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்.

தவற்றை ஒப்புக்கொள்வது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது இதிலேயே தெரிந்திருக்கும். கதைக்கு அது தேவைப்படும் என்பதால்தான் இவ்வளவு நீட்டிச் சொன்னேன்.

3

இதை என் கதையாகச் சொல்லக் கூச்சப்பட்டு, ஒரு பெண்ணைக் கற்பனை செய்தேன். அவள் பூக்கடை வைத்திருந்தாள். வயது முப்பத்தைந்து. [எனக்கு ஐம்பத்தொன்று. கற்பனை என்று வந்துவிட்ட பிறகு கஞ்சத்தனம் எதற்கு?] மெல்லிய குரல். யார் மனமும் நோகப் பேசமாட்டாள். இரண்டு பக்கம் வரை ஒழுங்காக வந்தாள். மூன்றாம் பக்கத்தில் அவள் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். நானும் தலைகீழாக நின்று பார்த்தேன், அவள் வாயில் அது வரவே இல்லை. அவ்வளவு நல்லவள் அதைச் சொல்லமாட்டாள் என்று எனக்கே புரிந்தது.

அவளை அனுப்பிவிட்டேன். அந்த வாக்கியத்தைச் சொன்னவளே மீதியையும் எழுதுகிறாள்.

4

இந்த வலைப்பூவுக்கு ஒரு காலத்தில் நிறையப் பேர் வந்தார்கள். இப்போது ஒன்பது பேர். ஒன்பதையும் பெயர் பெயராகத் தெரியும், அதாவது புனைபெயராக. அதில் ஒருவர் "சும்மா வந்தவன்". ஏழு வருடமாக வருகிறார். வாழ்த்து, பாராட்டு, கும்பிடு எதுவும் கிடையாது. பிழையை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுவார். "படி ஒன்று குறைகிறது." "கடிகாரத்தில் முள் இரண்டும் ஒரே நீளம்." "மின்விசிறி இறக்கை எதிர்ப்பக்கம்." ஒரு மாதம்கூடத் தவறியதில்லை, ஒரு முறைகூடத் தப்பாகச் சொன்னதில்லை. யாரோ ஓய்வு பெற்ற இஞ்சினியர், வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாதவர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்காகவே சில மாதங்களில் பிழையைக் கடினமாக்கினேன். பதிலுக்கு நானும் "சரி" என்று மட்டும் போடுவேன்.

போன ஜூலையில் ஒரு சமையலறை செய்தேன். யாருடையது என்று எழுதவில்லை. கல்யாணத்துக்கு முன் நான் வளர்ந்த வீட்டின் சமையலறை அது. நினைவிலிருந்தே செய்தேன். நான்கு கண்ணாடி வைத்த ஜன்னலில் ஒன்று மட்டும் பச்சை. எட்டிக் குதித்தால்தான் சர்க்கரை டப்பா கைக்கு வரும் என்கிற உயரத்தில் அலமாரி. நான் வைத்த பிழை, ஒரு கோப்பையின் கைப்பிடி உள்பக்கமாக இருந்தது. எட்டுப் பேர் அதைக் கண்டுபிடித்துச் சிரித்தார்கள்.

சும்மா வந்தவன் நான்கு நாள் கழித்து வந்தார். இதுவரை இல்லாத அளவுக்கு நீளமாக எழுதியிருந்தார். அப்படியே தருகிறேன்:

"அலமாரி தப்பு. இடுப்பு உயரத்துக்கு இறக்கியாச்சு. அடுப்பு மேடையையும் இடிச்சு இறக்கிட்டேன். மேடைக்கு அடியில சக்கர நாற்காலி போற மாதிரி காலி இடம் விட்டிருக்கு. கடைசி ரெண்டு வருஷம் உட்கார்ந்தேதான் சமைச்சாங்க. அவங்க ஆசைப்பட்டது அது."

லேபில் யாருடைய கீழ்த்தாடையோ என் கையில் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றேன். சும்மா வந்தவன் என் தம்பி.

5

இனி அந்த வாக்கியம்.

அம்மா விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போய் மூன்று நாள் இருந்தேன். அதற்குப் பிறகு இரண்டு வருடம் போகவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். கிடைத்திருக்கும். நான் கேட்கவில்லை. அம்மாவைச் சக்கர நாற்காலியில் பார்க்கப் பயமாக இருந்தது, அவ்வளவுதான் விஷயம்.

அம்மாவைத் தம்பிதான் பார்த்துக்கொண்டான். லிஃப்ட் மெக்கானிக். நேரம் காலம் இல்லாத வேலை, கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. தினமும் காலை பத்து மணிக்கு அம்மா போன் செய்வார். "இன்னைக்கும் நானேதான் சமைச்சேன்" என்று தொடங்குவார். நான் அதைக் குறையாகக் கேட்டேன். இடுப்பு உடைந்த மனுஷியை நாற்காலியிலிருந்து எழுப்பி அடுப்படியில் நிறுத்தி வேலை வாங்குகிறான் என்று மனசுக்குள் கருவிக்கொண்டேன். அம்மா அதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார் என்பது ஏழு வருடம் கழித்து ஒரு பின்னூட்டத்தைப் படித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அம்மா இறந்த அன்று எட்டு மணி நேர ரயில் பயணம் முடிந்து மதியம் போய்ச் சேர்ந்தேன். கூடம் நிறைய ஆட்கள். தம்பி எழுந்து என்னிடம் வந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் நான் திறந்துவிட்டேன்.

"கடைசி வரைக்கும் அவங்களை அடுப்புகிட்ட நிக்க வெச்சுட்டே இல்ல? உனக்கு ஒரு வேளை சமைக்கத் தெரியாதா? நீ பார்த்துக்கிட்ட லட்சணத்துலதான் அம்மா போயிட்டாங்க."

கூடத்தில் அத்தனை பேரும் கேட்டார்கள்.  அவன், "இரு அக்கா, நாற்காலி பத்தலை" என்று சொல்லிவிட்டு, வந்தவர்களுக்கு நாற்காலி எடுக்கப் போய்விட்டான். என்னிடம் அவன் நேரில் கடைசியாகப் பேசியது அதுதான். நான் அன்று மாலையே கிளம்பினேன். பத்தடி தூரத்தில் இருந்த சமையலறைக்குள் எட்டிப் பார்க்கக்கூட இல்லை.

[இந்த இடத்தில் ஒரு வாக்கியம் என்னை நியாயப்படுத்தி எழுதியிருந்தேன். துக்கத்தில் யாருக்கும் வாய் தவறும் என்பது மாதிரி. வீட்டுக்காரர் அதைச் சுற்றி வட்டம் போட்டார். அடித்துவிட்டேன்.]

அதிலிருந்து நான்காவது மாதம் சும்மா வந்தவனின் முதல் பின்னூட்டம் இருக்கிறது. "மேஜைக்கு மூன்று கால்தான்." பழைய பதிவில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அம்மா இருந்தவரை அவன் போனில்தான் என் அறைகளைப் பார்ப்பார், இருவரும் சேர்ந்தே பிழை தேடுவார்களாம், அம்மாவே ஒருமுறை சொன்னது. அம்மா போன பிறகு அவன் தனியாகத் தேடியிருக்கிறான். பேச்சை விட்டுவிட்டான், ஆனால் மாதா மாதம் வந்து எட்டிப் பார்ப்பதை விடவில்லை. நான் ஏழு வருடமாகச் "சரி" என்று பதில் போட்டிருக்கிறேன்.

6

ஜூலைக்குப் பிறகு இங்கே அறை எதுவும் வரவில்லை. பொய்ப் பிழை வைக்கக் கை வரவில்லை. மூடுவதற்கு நிஜக் காரணம் இதுதான். செப்டம்பரில் அந்தச் சமையலறைக்குக் கீழே சும்மா வந்தவன் இன்னொரு வரி எழுதினான்: "இந்த மாசம் ரூம் இல்லையா?" நான் பதில் போடவில்லை. அக்டோபரில் அவன் வரவில்லை. நவம்பரிலும் இல்லை. வலைப்பூவை மூடினால் அவன் வந்து நிற்க வேறு இடம் கிடையாது. அது தெரிந்த பிறகும் நான் மூடும் அறிவிப்பைத்தான் எழுத உட்கார்ந்தேன் என்பதையும் என் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முடிவுக்கு மூன்று வழி யோசித்தேன்.

முதல் வழியில் முப்பத்தொன்றாம் தேதி வாசலில் மணி அடிக்கிறது, திறந்தால் தம்பி. படித்துக் காட்டினேன். "வருஷக் கடைசியில ஊர்ல இருக்கிற லிஃப்ட் எல்லாம் மாட்டிக்கும். அவனுக்கு ஏது லீவு?" என்றார் வீட்டுக்காரர். தப்பு செய்தவள் வீட்டில் உட்கார்ந்திருக்க, அவன் ஏன் வர வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. நான்தான் கேட்டுக்கொண்டேன்.

இரண்டாவது வழி, போன். இது யோசனை மட்டுமல்ல, ஆகஸ்ட்டில் செய்தும் பார்த்தேன். இரண்டாவது மணியில் எடுத்தான். "சொல்லுங்க" என்றான். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசுகிற நிதானமான குரல். பழைய "சொல்லுக்கா" இல்லை. என் எண் அவனிடம் இல்லையா, இருந்தும் அப்படிச் சொன்னானா என்று தெரியவில்லை. போனை வைத்துவிட்டேன்.

மூன்றாவது வழி, பிழையைத் திருத்துவது. நவம்பரில் அந்தச் சமையலறையை மறுபடி லேபுக்குக் கொண்டுபோனேன். அலமாரியைப் பெயர்த்தேன். அடுப்பு மேடையை அறுத்து எடுத்தேன். குத்துமதிப்பாக ஓர் உயரம் வைத்துப் புதிதாக வார்த்தேன். படம் எடுத்துப் பார்த்தால் யார் வீட்டுச் சமையலறையோ மாதிரி இருந்தது. மறுபடி உடைத்தேன். எங்கள் தொழிலில் அரை மில்லிமீட்டர் உயர்ந்துவிட்டால் அந்த மனிதருக்கு வாய் மூடாது. குத்துமதிப்பில் நான் ஒரு பல்கூட வைத்ததில்லை. இதை மட்டும் எப்படி வைப்பேன்?

இப்போது மேடை இல்லாத, அலமாரி இல்லாத ஓர் அறை என் மேஜைமேல் இருக்கிறது. இந்தப் பதிவில் படம் இல்லாததற்குக் காரணம் அது.

7

இந்த மாதிரிக் கதைகளில் முடிவை வாசகரிடம் விடுவது வழக்கம். நானும் விடுகிறேன், ஆனால் எல்லாரிடமும் இல்லை. மற்ற எட்டுப் பேரும் மன்னிக்க வேண்டும். பன்னிரண்டு வருடம் என் பொய்யை நம்பிப் பிழை தேடியதற்கு உங்களுக்கு நன்றி. முப்பத்தொன்றாம் தேதி மூடுவேனா என்று இப்போது சொல்ல முடியாது. மீதியை நீங்கள் படித்தாலும் பரவாயில்லை. கூடத்தில் அத்தனை பேர் முன்னால் சொன்னதற்கு, நாலு பேர் முன்னால்தான் பதில் சொல்ல வேண்டும்.

தம்பி, நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. கோபத்துல சொன்னதில்ல, வராம இருந்த என் குற்றத்தைத் தூக்கி உன் தலையில போட்டேன். அம்மாவை நீதான் பார்த்துக்கிட்டே. நல்லா பார்த்துக்கிட்டே. இதைச் சொல்ல எனக்கு ஏழு வருஷம் ஆச்சு, அதுவும் நீ முதல்ல எழுதினதாலதான்.

பேச வேண்டாம்னா பேசாதே. அளவு மட்டும் எழுது. மேடை தரையிலேர்ந்து எத்தனை அங்குலம், அலமாரி எத்தனை, நாற்காலி உள்ள போக அடியில எவ்வளவு இடம் விட்டே. அம்மா எந்த உயரத்துல உட்கார்ந்து சமைச்சாங்கன்னு எனக்குத் தெரியாதுடா. உனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லு.